ஒதை நம்பர்

"பதினாலு தடவை ஒதைச்சிருக்கான் அந்த மாரப்பன், நாச்சி! ஒண்ணு ரெண்டில்ல, பதினாலு..."

"நோட்டுல எழுதுனத வெச்சுட்டு ஒரு மனுசன எடை போடறதுன்னா..."

"நோட்டுல எழுதாம செவுத்துலயா எழுதுவாங்க? நெஞ்செலும்பு மூணு ஒடஞ்சு கெடக்கறான் அந்தப் பையன். மூச்சு இழுக்கறப்பெல்லாம் அழுகறான்."

"இழுக்கறானல்ல? மூச்சு இழுக்கறானல்ல? அதச் சொல்லு மொதல்ல!"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வுடு."

வஞ்சிக்கொடி கையிலிருந்த தடித்த நோட்டை மேசைமேல் எறிந்தாள். தேநீர் டம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. இருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அப்பா விட்டுப்போன அரசூர் ஃபவுண்டரிக்கு அக்காவும் தம்பியும்தான் முதலாளிகள். சென்னையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பா இறந்தபின் வந்தவள் வஞ்சி. ஆள் எடுப்பது, லைசென்ஸ், கையெழுத்து எல்லாம் மாடியில் அவள் பொறுப்பு. உலை, மணல், உருகிய இரும்பு எல்லாம் கீழே தம்பி நாச்சிமுத்துவின் பொறுப்பு. பெரிய கம்பெனிகளில் எந்திரக் கைகள் இரும்பை ஊற்றத் தொடங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது. இவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. இங்கே இன்னும் மனிதர்கள்தான் ஊற்றினார்கள்.

"போன பங்குனியில கேன்டீன்ல ஒருத்தன் கண்ணு போச்சு. கம்பில குத்தி, கன்னத்துல வழிஞ்சுட்டு இருந்துச்சு. என்ற சேலையிலதான் அமுக்கிப் புடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறந்துட்டியா?"

"அது வேற அக்கா."

"எது வேற? கண்ணுன்னா ஒண்ணு, நெஞ்செலும்புன்னா ஒண்ணா?"

"அது அடிதடி. இது..."

"இது?"

நாச்சிமுத்து கதவைத் திறந்தான். வெளியே மாரப்பன் நின்றிருந்தான். ஐம்பது வயது. இரும்பு ஊற்றுகிறவர்களில் மூத்தவன். புருவம் தீய்ந்து போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டதால் அவன் முகத்தில் கோபமா, சந்தோஷமா என்று யாருக்கும் தெரியாது.

"உள்ள வா," என்றாள் வஞ்சி. "அந்தப் பையன எதுக்கு ஒதைச்சே?"

மாரப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து சன்னலைப் பார்த்தான்.

"ஒதைக்கோணும்னு காலுக்குத் தோணுச்சுங்க அம்முணி. ஒதைச்சேன்."

"நெஞ்சுலயா?"

"இடுப்புலதானுங்க வெச்சேன். அவன் திரும்பிட்டான்."

"அவன் உன்ன ஏதாச்சும் திட்டுனானா?"

"இல்லீங்க. நல்ல பையன்."

"நல்ல பையன ஒதைச்சு எலும்ப ஒடைப்பியா?"

"ஒடஞ்சிருச்சுங்க," என்றான் மாரப்பன். கையைக் கட்டிக்கொண்டான்.

அன்றைக்கே வஞ்சி முடிவெடுத்தாள். இனிமேல் இந்த ஃபவுண்டரிக்கு ஆள் எடுப்பது மனிதக் கண் இல்லை.

மூன்று மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்து போனார்கள். ஒருவருடையது, ஆள் எத்தனை மாதம் தங்குவான் என்று சொல்லும். இன்னொருவருடையது கைத்திறமையை அளக்கும். மூன்றாவதாக வந்தவள் நிலோஃபர். அவளுடைய மென்பொருளின் பெயர் 'இணக்கம்'.

"இவன் அடிப்பானா மாட்டானான்னு இது சொல்லும் மேடம். அது ஒண்ணுதான் சொல்லும்," என்றாள்.

"எப்புடி? கேட்டா சொல்லிருவானா?" என்றான் நாச்சிமுத்து.

"நாங்க கேக்கறதே இல்ல சார். இன்னொருத்தர் உடம்பு மேல பாயறதுக்கு முன்னாடி தொடையும் முன்கையும் இறுகும். மனசு நினைக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு முடிவு பண்ணிடும். அந்த ஆளுக்கே தெரியாது. ஒரு கூண்டுல உக்கார வெச்சு, கையிலயும் கால்லயும் பட்டை கட்டி, இருபது நிமிஷம் படம் காட்டுவோம். உங்க ஃபவுண்டரி மாதிரியே இருக்கும். ஒருத்தன் நடப்பான், குனிவான், முறைப்பான், தடுக்கி விழப் போவான். எந்த இடத்துல தசை துள்ளுது, எவ்வளவு துள்ளுதுன்னு பட்டை பாத்துக்கும். நூத்துக்கு ஒரு நம்பர் வரும்."

"ஏமாத்த முடியாதா?"

"வாய் ஏமாத்தும் சார். தொடை ஏமாத்தாது."

வஞ்சி சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள், "எங்க ஃபவுண்டரில அடிக்கறவன் எப்புடியிருப்பான்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

"அதுக்கு உங்க பழைய பதிவு வேணும். யார் யார் மேல கை வெச்சாங்கன்னு எழுதி வெச்சிருப்பீங்க இல்லையா? அந்த ஆளுங்களை முதல்ல கூண்டுல உக்கார வெப்போம். அவங்க தசை எப்படித் துள்ளுதுன்னு இது படிச்சுக்கும். அதே துள்ளல் புதுசா வர்றவங்ககிட்ட இருந்தா உள்ள விடாது."

"இருபத்திரெண்டு வருச நோட்டு இருக்குது. அருளானந்தம் ஒரு வரி விடாம எழுதி வெச்சிருக்காரு."

வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் அருளானந்தம் மூலையில் நின்றிருந்தார். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. தன் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த நோட்டக் குடுக்காதே அக்கா," என்றான் நாச்சிமுத்து.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"காரணம் சொல்லு."

"கைத்திறமை பாக்கறதுன்னு ஒண்ணு வந்துச்சல்ல, அத வாங்கிக்கலாம்."

"காரணத்தச் சொல்றா!"

அவன் நாற்காலியை உதைத்துவிட்டுக் கீழே போனான். வஞ்சி நிலோஃபரிடம் திரும்பினாள். "பாத்தீங்கல்ல? எந்தம்பியவே மொதல்ல கூண்டுல உக்கார வெக்கோணும்."

சோதனை நான்கு நாள் நடந்தது. கீழே வேலையிலிருந்த அறுபத்தேழு பேரும் கூண்டுக்குள் போய் வந்தார்கள். நாற்பதுக்கு மேல் வந்தவன் வெளியே. கம்பெனி அந்த எண்ணுக்கு என்னவோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. ஆட்கள் அதை 'ஒதை நம்பர்' என்றார்கள்.

"உன்ற ஒதை நம்பர் என்ன?"

"பன்னண்டு."

"அட, நீயெல்லாம் பொண்டாட்டிகிட்டத்தான் ஒதை வாங்குவே!"

கடைசியாகச் சிரித்த சிரிப்பு அதுதான். இருபத்தாறு பேருக்கு நாற்பதுக்கு மேல். மாரப்பனுக்குத் தொண்ணூற்றொன்று.

"இருபத்திமூணு வருசமுங்க அம்முணி," என்றான் மாரப்பன் வாசலில். "இந்த எடத்துல எங்கையி மேல இரும்பு பட்ட தழும்பு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. மெஷின் எண்ணட்டுமுங்க."

"உனக்குச் சேரவேண்டியது எல்லாம் வரும் மாரப்பா."

"நான் அதக் கேக்கலீங்க. எவனோ படத்துல தடுக்கி வுழுகறான். நான் துள்ளுனேனாமா. துள்ளாம? பாத்துட்டு நிக்கறதா?"

பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அதற்குப் பின் எல்லாம் ஒன்றாக நடந்தது. கூண்டின் கண்ணாடி நொறுங்கியது. வாயிற்காவலரின் மண்டை பிளந்து கண் வரை ரத்தம் ஒழுகியது. போலீஸ் வந்து கிடைத்தவனையெல்லாம் அடித்தது. மாரப்பனைக் கீழே தள்ளி முழங்காலில் மூன்று பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள். "இந்தக் காலுதானடா? இந்தக் காலுதான?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். வஞ்சி மாடி சன்னலிலிருந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க, தான் செய்தது சரி என்றே அவளுக்குப் பட்டது.

"பாத்தியா? அத்தனையும் ரவுடிப் பசங்க," என்றாள் தம்பியிடம்.

நாச்சிமுத்து கீழே ஓடிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஒரு வருடம் ஃபவுண்டரியில் ஒரு சண்டை இல்லை. புதிதாக வந்தவர்கள் வரிசையில் நின்று தேநீர் வாங்கினார்கள். கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒருவன் செருப்பை இன்னொருவன் மிதித்துவிட்டால் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். வார்ப்பு வாங்கும் பம்பு கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்துவிட்டு, "கோயில் மாதிரி இருக்குதுங்க," என்று சொல்லிப் போனார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் தூக்கம் குறைந்தது.

"என்னடா உனக்கு? உற்பத்தி ஏறியிருக்குது."

"ரொம்ப அமைதியா இருக்குது அக்கா."

"அமைதி நல்லதுதான?"

"எம்பின்னாடி யாரு நிக்கறான்னே தெரிய மாட்டீங்குது."

ஆடி மாதம் ஒரு காலை பதினோரு மணி. 'இணக்கம்' ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நாச்சிமுத்துவின் கையெழுத்து வேண்டும் என்று வஞ்சியே தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். இரும்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். உலை இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்காது. மணல் அச்சுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. நாச்சிமுத்து ஒரு பெட்டிமேல் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் அப்போதுதான் ஊற்றி முடித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் ஆவி எழுந்தது.

ஈர மணலில் இரும்பு இறங்கினால் அப்படித்தான் எழும். அதற்குப் பின் பெட்டி வெடிக்க இரண்டு நொடி இருக்கும், மூன்று நொடி இருக்கும்.

அதை லோகநாதன் பார்த்தான். நாச்சிமுத்துவுக்கு மூன்றடி தள்ளி நின்றவன் அவன். எதிர் வரிசையில் ஆறு பேர் பார்த்தார்கள். இரும்பு ஊற்றும் லேடில் கரண்டியைப் பிடித்திருந்த இருவர் பார்த்தார்கள். வஞ்சி நாச்சிமுத்துவின் முதுகுப் பக்கம் ஆறடியில் நின்றாள். அவளும் பார்த்தாள். அவள் வாய் திறந்தது.

நாச்சிமுத்து நிமிர்ந்து திரும்பினான்.

பெட்டி பிளந்தது. இரும்பு மேலே போகவில்லை, பக்கவாட்டில் வந்தது. முகத்தில், கழுத்தில், நெஞ்சில். சட்டை எரியவில்லை, இல்லாமல் போனது. அவன் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று இழுத்தபோது அந்தக் காற்றே நெருப்பாக இருந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். துடைத்த கைகளும் போயின. முழங்காலிட்டு விழுந்து, மணலில் முகத்தைப் புதைத்து, காலை உதறினான். மணல் புகைந்தது.

முப்பத்தெட்டுப் பேர் நின்ற இடத்தில் நின்றிருந்தார்கள். ஒருவன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். முகவரியைப் பிழையில்லாமல், மரியாதையாகச் சொன்னான்.

ஆம்புலன்ஸ் போனபின் வஞ்சி திரும்பி வந்தாள். தாளை இன்னும் கையில் வைத்திருந்தாள். நேரே லோகநாதனிடம் போனாள். இருபத்துநான்கு வயது. சட்டையில் பொறி பட்டு நான்கு ஓட்டைகள்.

"நீ மூணடியில நின்னே."

"ஆமாங்கம்மா."

"ஆவி வந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்கம்மா."

"என்னாகும்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன்டா நின்னே?"

லோகநாதன் உண்மையாகவே யோசித்தான். "சார் மேல கை வெக்கறதுங்களாம்மா?"

அவள் அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவவில்லை. விழுந்த ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டான்.

"கைய நீட்டி ஒரு தள்ளு தள்ளியிருந்தா?"

"தோணலீங்கம்மா."

மறுபடி அறைந்தாள். ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே அடித்தாள். உதடு கிழிந்தது. ஒரு பல் அவன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டது.

"திருப்பி அடிடா! நாயே, என்னத் திருப்பி அடி!"

"இல்லீங்கம்மா."

"என்ற கையையாவது புடி!"

"நீங்க அடிங்கம்மா. முடிஞ்சதும் சொல்லுங்க, நான் போய் வாயக் கழுவிட்டு வந்தர்றேன்."

அவன் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் அவளைப் பைத்தியமாக்கியது. தரையில் கிடந்த கம்பியை எடுத்தாள். லோகநாதன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். சுற்றிலும் முப்பத்தேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் உலை நின்ற அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. ஒருவர்கூட ஓரடி எடுத்து வைக்கவில்லை. இரண்டாவது அடிக்குக் கம்பி தலைக்கு மேலே போனபோது யாரோ பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்து மணலில் குப்புறத் தள்ளினார்கள்.

அருளானந்தம். அலுவலக ஆட்களைக் கூண்டில் உட்கார வைத்திருக்கவில்லை.

"செத்துருவாம்மா!" என்று மூச்சிரைத்தார். அறுபதை எட்டும் மனிதர். "போதும். அவன அடிச்சு என்ன பிரயோசனம்? அவன நாமதானே தேடித் தேடி எடுத்தோம்?"

வஞ்சி மணலில் கிடந்தபடியே கேட்டாள். "என்ன சொல்றீங்க?"

"அந்த நோட்டு முச்சூடும் பொய்யுங்கம்மா."

அவரும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். லோகநாதனை யாரும் தூக்க வரவில்லை. அருளானந்தமே இருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "தூக்குங்க," என்று உத்தரவு போட்டார். உத்தரவு கிடைத்ததும் அவர்கள் பதமாகத் தூக்கிப் போனார்கள்.

"விபத்துன்னு எழுதினா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார். உலைய மூடச் சொல்லுவார். அதனால உங்கப்பா காலத்துலயே ஒரு பழக்கம். எவனுக்காவது அடி பட்டா அடிதடின்னு எழுதிருங்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரு சண்டை போட்டா அது நம்ம வூட்டு விசயம், யாரும் வர மாட்டாங்க. இரும்பு செதறும். வழியில நிக்கறவனப் பக்கத்துல இருக்கறவன் எட்டி ஒதைச்சு அந்தப் பக்கம் தள்ளுவான். ஒதை வாங்குனவனுக்குக் கையோ காலோ ஒடையும், உசுரு இருக்கும். நான் எழுதுவேன், 'இன்னார் இன்னாரை உதைத்தார், கைகலப்பு'ன்னு. ஒதைச்சவன் கையெழுத்துப் போடுவான். ஒதை வாங்குனவன் அவனுக்கு அன்னைக்குச் சாயந்திரம் பிரியாணி வாங்கிக் குடுப்பான்."

"எத்தனை?"

"அறுபத்தொண்ணு எழுதியிருக்கேன். அதுல நெசச் சண்டை ஒம்பது."

"மாரப்பன்?"

"பதினாலும் உசுரு, அம்மா. பதினாலு உசுரு. கடைசியா அந்த நெஞ்செலும்புப் பையன். அவன் நின்ன எடத்துல அரை டன் பொட்டி வுழுந்துச்சு."

"நாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவரையே மாரப்பன் ரெண்டு தடவை ஒதைச்சிருக்கான்."

வஞ்சி எழுந்து மாடிக்குப் போய் நிலோஃபரை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். கத்தினாள். மறுமுனையில் நிலோஃபர் முழுவதும் கேட்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா மென்பொருள் தப்பு பண்ணலை. அடிச்சவங்கன்னு நீங்க குடுத்த ஆளுங்களைப் படிச்சுது. அந்த மாதிரி துள்ளுறவங்க யாரையும் உள்ள விடலை."

"காப்பாத்தறவன் எல்லாத்தையும் வெளிய தள்ளியிருக்குது!"

"ஆமாம்."

"சரி, இப்ப தலைகீழா மாத்திக் குடுங்க. எம்பதுக்கு மேல இருக்கறவன் மட்டும் போதும் எனக்கு."

"குடுக்கலாம். ஆனா கேன்டீன்ல கண்ணைக் குத்தினானே, அவனுக்கும் தொண்ணூறு. அவனையும் அது எடுக்கும். அவன் துள்ளலுக்கும் மாரப்பன் துள்ளலுக்கும் வித்தியாசம் கிடையாது மேடம். பாஞ்சு போன பிறகுதான் அது ஒதையா உயிரான்னு தெரியும்."

"பின்ன என்னதான் பண்றது?"

"அதை நாங்க அளக்கறதில்லை." பிறகு தயங்கிச் சொன்னாள். "மாரப்பனைத் திரும்ப எடுக்கறதா இருந்தா சீக்கிரம் கேளுங்க. நீங்க வேண்டாம்னு வெளிய அனுப்பின இருபத்தாறு பேரோட பட்டியலை எங்க கம்பெனி போன வருஷமே வேற ஒருத்தருக்குக் குடுத்திருக்கு. ஒப்பந்தத்துல அந்த உரிமை இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"யாருக்கு?"

"குடியிருக்கறவங்களை வெளியேத்தி இடம் காலி பண்ணிக் குடுக்கறவங்களுக்கு. அவங்களுக்கு எண்பதுக்கு மேலதான் வேணும்."

ஒன்பதாவது நாள்தான் தம்பியைப் பார்க்க டாக்டர் அனுமதித்தார். தீக்காய வார்டின் வராந்தாவில் மாரப்பன் சுவரோடு நின்றிருந்தான். ஒரு முழங்கால் மடங்காமல் நின்றது. இரண்டு கை முட்டிகளிலும் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது. வஞ்சி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இது இரும்பு பட்டதில்லையே," என்றாள்.

"பல்லு பட்டதுங்க அம்முணி. நேத்து பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்து முச்சூடும் காலி பண்ணுனோம். ஒரு கெழவன் கதவ வுட மாட்டேன்னான்."

"என்ன பண்ணுனே?"

"வுட்டுட்டான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் தெரிஞ்சுபோச்சு மாரப்பா. பதினாலையும் அருளானந்தம் சொன்னாரு. இன்ஸ்பெக்டருக்கு நானே கடுதாசி குடுத்துட்டேன், நோட்டையும் குடுத்துட்டேன். உலையத் தொறக்க வுடுவாங்களோ என்னவோ. தொறந்தா நீ திரும்ப வரோணும்."

"இப்ப எதுக்குங்க?"

"எவனாச்சும் எரியறதுக்கு முன்னாடி ஒதைக்க ஒரு ஆளு வேணும்."

மாரப்பன் முட்டியைத் தடவிக்கொண்டான். "அன்னைக்கெல்லாம் இந்தக் காலு தானாப் போகுமுங்க. அது போறது எனக்கே தெரியாது. ஒரு வருசமா சொல்லிச் சொல்லி ஒதைக்க வெச்சிருக்காங்க. கெழவன், பொம்பளை எல்லாத்தையும். இனி தானாப் போகுமான்னு தெரியலீங்க."

"வந்து பாரேன்."

"ரோசனை பண்ணோணுமுங்க. மொதல்ல உள்ள போய் மொதலாளியப் பாருங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு."

உள்ளே நாச்சிமுத்து கட்டுகளுக்குள் இருந்தான். கண் இரண்டும் போய்விட்டதாக டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாய் இருந்த இடத்தில் ஒரு கீறல் மட்டும் திறந்திருந்தது.

"அக்காவா?"

"நாந்தான்."

"லோகுவ அடிச்சியாமா."

"யாரு சொன்னா?"

"அருளானந்தம். தோளெலும்பு ஒடஞ்சு போச்சாமா."

"மூணடியில நின்னான், நாச்சி. ஒரு கை நீட்டலே."

"அவன அடிக்காதே. அவன் என்ன பண்ணுவான்?"

வஞ்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நோட்டு பொய்யின்னு அன்னைக்கே ஏன்டா எங்கிட்டச் சொல்லலே? காரணம் சொல்லு, காரணம் சொல்லுன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

"லைசென்ஸ்ல உம்பேரு இருக்குது. தெரிஞ்சு கையெழுத்துப் போட்டா உன்ன உள்ள தூக்கிப் போடுவாங்க. தெரியாமப் போட்டா ஏமாந்தவ. நீ ஏமாந்தவளாவே இருக்கட்டும்னு நெனச்சேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு விசில் போலக் கேட்டது. "பைத்தியக்காரன். அப்பவே சொல்லியிருக்கோணும்."

"பேசாதே. ஒதடு கிழியும்."

"பேசோணும். ஒம்பது நாளா இதேதான் ஓடிட்டு இருக்குது." அவன் தலையை அவள் குரல் வந்த திசைக்கு மெல்லத் திருப்பினான். "நான் குனிஞ்சு நின்னேனல்ல. அந்தப் பொட்டிக்கு என்ற முதுகுதான தெரிஞ்சுது?"

"ம்."

"முதுகுன்னா தோலு போயிருக்கும், தைச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கண்ணு இருந்திருக்கும். புள்ளைங்களப் பாத்திருப்பேன்."

வஞ்சி கட்டிலோரம் இன்னும் நெருங்கி நின்றாள்.

"அந்த எரைச்சல்லயும் உன்ற சத்தம் கேட்டுச்சு. உன்ற சத்தமாச்சேன்னு திரும்புனேன்."

அவள் கை கம்பியிலிருந்து நழுவியது.

"உலைக்குப் பக்கத்துல யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்க. கூப்புட்டா மனுசன் மூஞ்சியத்தான் திருப்புவான். உனக்கு அது தெரியாது, நீ மாடியில இருந்தவ. உன்னக் குத்தம் சொல்லலே. ஆறடிதான இருந்துச்சு... கூப்புட்டதுக்குப் பதிலா ஓடியாந்து ஒரு ஒதை ஒதைச்சிருக்கலாமல்ல, அக்கா?"